ஒன்றரை மணி நேரம் போதும்: பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு ஒரு மவுண்டன் பைக் வழிகாட்டி

ஆசையாக வாங்கிய மவுண்டன் பைக் சில மாதங்களிலேயே ஈரத்துண்டு காயப்போடும் கொடியாகிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கேட்டால் நேரமில்லை என்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகளின் வகுப்பு, வாரத்துக்கான மளிகை, யாரோ ஒருவர் வீட்டு விசேஷம், மலைபோல் துவைக்கும் துணி என்று வரிசைகட்டி நிற்கும்போது மண்பாதையில் வண்டி ஓட்ட நேரத்துக்கு எங்கே போவது?

கேள்வி நியாயம்தான். ஆனால் ஒரு சனிக்கிழமை ஓட்டத்தைக் கடிகாரத்தோடு பிரித்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் ஓட்டம் இல்லை, அதன் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் வேலைகள். பம்ப்பைத் தேடுவது, ஒற்றைக் கையுறையைத் தேடுவது, வண்டியைக் காரில் ஏற்றுவது, நண்பருக்காகக் காத்திருப்பது, முடிந்த பிறகு நின்றுகொண்டே அரட்டை, வீட்டுக்கு வந்து சேறு கழுவுவது. இவற்றை வெட்டினால் ஓட்டத்துக்கு இடம் தானாகக் கிடைக்கும். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எவ்வளவு நேரம் ஓட்டினால் கணக்கில் வரும்?

புதிதாக வருபவர்கள் பலர் அரை நாளாவது ஓட்டினால்தான் அது ஓட்டம் என்று நினைக்கிறார்கள். மவுண்டன் பைக் பந்தயம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கின் ஆண்கள் பந்தயத்தில் தங்கம் வென்ற பிரிட்டன் வீரர் டாம் பிட்காக் எடுத்துக்கொண்டது 1 மணி 25 நிமிடம். 2024இல் பாரிஸிலும் அவரே வென்றார், அதுவும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஒலிம்பிக் பந்தயமே ஒன்றரை மணிக்குள் முடியும்போது நமக்கு அரை நாள் எதற்கு?

உடல்நலக் கணக்கும் இதையே சொல்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேடு ஏறும் மண்பாதையில் மூச்சு வாங்க ஓட்டுவது சந்தேகமில்லாமல் இரண்டாவது வகை. வாரம் ஒரு நல்ல ஓட்டமே அந்தக் கீழ்வரம்பைத் தொட்டுவிடும்.

முதல் வேலை: வாசலிலிருந்து வாசல்வரை கணக்கிடுங்கள்

ஓட்டும் நேரத்தை மட்டும் வைத்துத் திட்டம் போடாதீர்கள். வாசலைத் தாண்டிய நொடியிலிருந்து திரும்பி வந்து, குளித்து, வீட்டு வேலைக்குக் கை கொடுக்கத் தயாராகும் நொடிவரை எண்ணுங்கள். அரை மணி நேரக் கார் பயணத் தூரத்தில் ஒரு அருமையான தடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 90 நிமிட ஓட்டம், போக வர 60, ஏற்றி இறக்க 30, கிளம்புமுன் 20, கழுவ 20. மொத்தம் 220 நிமிடம். ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீங்கள் வீட்டில் இல்லை, அதில் பாதிகூடச் சீட்டில் இல்லை.

வீட்டிலிருந்து வண்டியிலேயே பத்து நிமிடத்தில் போய்ச் சேரும் சுமாரான தடம் ஒன்று இருந்தால்? ஒரு மணி நேரம் தடத்தில், இருபது நிமிடம் போக வர, பத்து நிமிடம் முன்னும் பின்னும். ஒன்றரை மணியில் எல்லாம் முடிந்தது. அந்த இருபது நிமிடமும் சூடேற்றிக்கொள்ள உதவுகிறது, வீணில்லை. என் கட்சி எப்போதும் பக்கத்துச் சுமார் தடம்தான். தூரத்து அருமைத் தடத்தைக் குடும்பத்தோடு முழுநாள் வெளியே போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்துத் தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? டிரெயில்ஃபோர்க்ஸ், கோமூட் போன்ற செயலிகளில் பாருங்கள். அவற்றில் இல்லாத சின்னப் பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் செயற்கைக்கோள் படத்திலும் தெரியும். பெரிய பூங்காக்களின் ஓரம், ஏரி, கால்வாய்க் கரைகள், தோப்புகளுக்கு இடையே போகும் பாதைகள் எல்லாம் தேடத் தகுந்தவை. அங்கே சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வனப்பகுதியும் தனியார் நிலமும் வெறிச்சோடிக் கிடந்தாலும் பொது இடம் ஆகிவிடாது.

கடினத்தைக் குறிக்கப் பல நாடுகளில் நிறக் குறிகள் இருக்கும். பச்சை எளிது, நீலம் நடுத்தரம், கறுப்பு கடினம். ஐரோப்பாவில் பல இடங்களில் நீலத்துக்கும் கறுப்புக்கும் நடுவே சிவப்பும் வரும். முதல் சில மாதம் பச்சையை விட்டு நகராதீர்கள். அடிபட்டுக் கையில் கட்டோடு வந்தால் இழப்பது ஒரு வார இறுதியை மட்டும் இல்லை, அந்த ஆண்டின் பாதி வார இறுதிகளை. வீட்டு வேலையில் உங்கள் பங்கும் அதுவரை இன்னொருவர் தலையில் விழும்.

முடிந்தால் சின்ன வளையத் தடமாகத் தேர்ந்தெடுங்கள். ஒன்பது கிலோமீட்டர் வளையத்தை ஒரு முறை சுற்றுவதைவிட, மூன்று கிலோமீட்டர் வளையத்தை மூன்று முறை சுற்றுவது குடும்பம் உள்ளவருக்கு ஏற்றது. வழியில் எது உடைந்தாலும் தொடங்கிய இடம் அதிகபட்சம் ஒன்றரை கிலோமீட்டர்தான். தள்ளிக்கொண்டு நடந்தாலும் இருபது நிமிடத்தில் வந்துவிடலாம். வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் அந்தச் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். அதோடு ஒரே வளைவை மூன்று முறை எடுக்கும்போது மூன்றாவது முறை கை தானாகப் பழகியிருக்கும். புதியவர்கள் வேகமாகத் தேறுவது இப்படித்தான்.

இரண்டாவது: பேச்சை வியாழக்கிழமையே முடியுங்கள்

சனிக்கிழமை காலை, பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது "நான் கொஞ்சம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்பது சண்டைக்கு நேர்வழி. கேட்கிற உங்களுக்குக் கொஞ்ச நேரம், கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எல்லையே தெரியாத நேரம். வியாழக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த வார இறுதியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் குடும்ப வேலைகள் எல்லாம் இடம்பிடிக்கட்டும். மிச்சமிருக்கும் இடைவெளியில் உங்கள் ஓட்டம்.

பேசும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லுங்கள். "ஆறு மணிக்குக் கிளம்புவேன்" என்பதில் வீட்டிலிருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. "எட்டு மணிக்குக் குளித்து முடித்து இருப்பேன், அதன் பிறகு பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அவர் தன் காலையை அதை வைத்துத் திட்டமிடலாம். இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றிவிட்டால் அடுத்த வாரம் கேட்க வேண்டியே இருக்காது. காப்பாற்ற எளிய வழி, மனதில் இருப்பதைவிடக் கால் மணி நேரம் தள்ளிச் சொல்வது. 7.45க்கு வர நினைத்தால் எட்டு என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. நீங்கள் எடுக்கும் அளவு நேரம் துணைவருக்கும் அதே வார இறுதியில் கிடைக்க வேண்டும். அவர் அதில் என்ன செய்கிறார் என்பது அவர் பாடு. தூங்கலாம், படம் பார்க்கலாம், அவரும் வண்டி எடுத்துக்கொண்டு போகலாம். அந்த நேரத்தில் "உப்பு டப்பா எங்கே?" என்று போன் போடாமல் இருப்பதும் இந்த ஒப்பந்தத்தில் அடக்கம். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் இதே மாதிரி இன்னொரு பெற்றோரோடு முறை வைத்துக்கொள்ளலாம். இந்த வாரம் உங்கள் பிள்ளைகள் அங்கே, அடுத்த வாரம் அவர்கள் பிள்ளைகள் இங்கே.

மூன்றாவது: முந்தின இரவு பதினைந்து நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைக் கடைப்பிடிக்கப் போகிறீர்கள் என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அரக்கப்பரக்கச் செய்யும் எல்லாவற்றையும் இரவே ஆற அமரச் செய்துவிடலாம்.

டயரில் தொடங்குங்கள். அழுத்தமானி வைத்துப் பார்த்துக் காற்றடியுங்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.3 அங்குல அகல டயரில், டியூப் இருந்தால் 25 முதல் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), உள்ளே டியூப் இல்லாத டியூப்லெஸ் என்றால் 20 முதல் 25 என்று ஆரம்பித்து, தன் எடைக்கும் தடத்துக்கும் ஏற்ப ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. முன் டயரில் பின் டயரைவிடச் சற்றுக் குறைவாக வைப்பது வழக்கம். தார்ச்சாலைப் பழக்கத்தில் கல்போல் காற்றடித்துவிட்டு, தடத்தில் வண்டி துள்ளுகிறது என்று புலம்புபவர்கள் நிறையப் பேர். இரவே காற்றடிப்பதில் இன்னொரு லாபம், மெதுவாகக் கசியும் பஞ்சர் காலைக்குள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். டியூப்லெஸ் டயருக்குள் இருக்கும், சிறு ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம், வெப்பத்தைப் பொறுத்துச் சில மாதங்களில் காய்ந்துவிடும். அதையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

அடுத்தது செயின். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சில சுற்றுச் சுற்றி, வெளியே தெரியும் எண்ணெயை மறுபடி துடைத்துவிடுங்கள். உலர்வகை எண்ணெயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகி மெழுகு மட்டும் தங்க நேரம் வேண்டும், அதற்கும் இரவுதான் தோது. ஸ்பிரே வகையை டிஸ்க் பிரேக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ரோட்டரில், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகட்டில், எண்ணெய் பட்டால் பிரேக் கத்தும், பிடிக்காது.

அந்தத் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடையும் எட்டிப் பாருங்கள். பேட் ஒட்டியிருக்கும் உலோக முதுகுத் தகட்டோடு சேர்த்து 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மாற்ற வேண்டியிருந்தால் வாரநாளில் மாற்றுங்கள். புதுப் பேட் முதலில் சரியாகப் பிடிக்காது. சமதளத்தில் மிதமான வேகமெடுத்து, முழுதாக நிற்காமல் மெதுவாக்குவதை இருபது முறையாவது செய்த பிறகுதான் அது வழிக்கு வரும். தடத்தின் முதல் இறக்கத்தில் போய் அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகச் சக்கர அச்சுகள் இறுகியிருக்கின்றனவா, ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை. தண்ணீர்ப் புட்டி நிரம்பியிருக்கட்டும். போன், லைட் இரண்டும் சார்ஜில் இருக்கட்டும். உடைகளைக் குவியலாக வேறு அறையில் வையுங்கள், படுக்கையறை அலமாரியைக் காலை ஐந்தரைக்குத் திறந்து வீட்டையே எழுப்பக் கூடாது.

கருவிப் பையை எப்போதும் வண்டியிலேயே கட்டி வைத்துவிடுங்கள்: மல்டிடூல், உபரி டியூப், டயர் நெம்பிகள், சின்ன பம்ப், அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்குப் பொருந்தும் குவிக் லிங்க் ஒரு ஜோடி, டியூப்லெஸ் என்றால் டயர் ஓட்டையை அடைக்கும் பிளக் கருவி. இவற்றை வாங்கினால் மட்டும் போதாது. ஒரு மாலையில் வீட்டுக்குள்ளேயே பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பழகுங்கள். பழகாத கைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் வேலை, பழகிவிட்டால் பத்து நிமிடம்.

நான்காவது: விடியற்காலையைப் பிடியுங்கள்

மாலை ஓட்டம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நடக்காது. பகல் முழுக்க ஏதாவது ஒன்று வந்து அதைத் தள்ளிக்கொண்டே போகும். வீடு எழுமுன் கிளம்பித் திரும்புவதில்தான் யாருக்கும் இழப்பு குறைவு. சூரியன் உதிப்பதற்குச் சுமார் அரை மணி முன்பே கண் தெரியும் வெளிச்சம் வந்துவிடும். பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக இந்த இடைவெளி நீளும். மரங்கள் அடர்ந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். வீட்டிலிருந்து தடம்வரை சாலையில் முன்னும் பின்னும் லைட் போட்டுப் போய், வெளிச்சம் வரும்போது தடத்தில் இறங்குங்கள். இருட்டில் தடம் ஓட்டுவது தனிக் கலை, அதற்கு ஹேண்டில்பாரிலும் ஹெல்மெட்டிலும் இரண்டு பலமான விளக்குகள் வேண்டும். இப்போதைக்கு அது வேண்டாம்.

கிளம்புமுன் எந்தத் தடம், எந்தச் சுற்று என்று எழுதி வைத்துவிட்டு, போனில் நேரடி இருப்பிடத்தைப் பகிர்ந்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அரை மணி தாண்டியும் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் யாரை அழைப்பது என்பதையும் பேசி வைத்திருங்கள். தனியாக ஓட்டுபவருக்கு இது கட்டாயம். ஹெல்மெட்டின் முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் இருக்க வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒன்றிரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும். பலமாக ஒரு முறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்ற வேண்டியது.

முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால்? டயர் மண்ணில் ஆழமாகக் கோடு போடுகிறது என்றால் திரும்பிவிடுங்கள். அந்தக் கோடு காய்ந்து பள்ளமாக இறுகி, அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடும். 1988இல் தொடங்கிய சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கத்தின் தட விதிகளிலும் இது உண்டு: திறந்திருக்கும் தடத்தில் மட்டும் ஓட்டு, தடயம் விடாதே, வண்டியைக் கட்டுப்பாட்டில் வை, நடப்பவருக்கு வழிவிடு, விலங்குகளை மிரட்டாதே, முன்கூட்டியே திட்டமிடு.

தடத்தில்

முதல் பத்து நிமிடம் நிதானம். இறக்கத்தில் சீட்டை விட்டு எழுந்து, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கையும் முட்டியும் மடங்கி, கண் சக்கரத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்த்தபடி இருங்கள். பிரேக்குக்கு ஒரு விரல் போதும், மற்ற விரல்கள் கைப்பிடியைப் பிடித்திருக்கட்டும். வளைவுக்குள் நுழையுமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் முன் பிரேக்கை அழுத்தினால் உதிரிமண் வண்டியை வாரிவிடும். தொடக்கத்துக்கு இவ்வளவு போதும், மிச்சத்தைத் தடமே சொல்லிக்கொடுக்கும்.

வளையமாக இல்லாமல் போன வழியே திரும்பும் தடம் என்றால் திரும்பும் நேரத்துக்குக் கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். முதல் பாதி ஏற்றமாக இருந்தால், இருக்கும் நேரத்தில் பாதிக்கும் சற்று மேலேகூடப் போகலாம், இறக்கம் சீக்கிரம் முடிந்துவிடும். முதல் பாதி இறக்கமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே திரும்பிவிடுங்கள். ஜாலியாக இறங்கிய இருபது நிமிடத்தை ஏற நாற்பது நிமிடம் ஆகும்.

ஒரு மணி, ஒன்றேகால் மணி ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும், ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கும். சக்தியில் கொஞ்சம் மிச்சம் வைத்துத் திரும்புங்கள். எட்டு மணிக்கு வந்துவிட்டுப் பகல் முழுக்க சோபாவில் சாய்ந்து கிடந்தால் அது ஒன்றரை மணி நேர ஓட்டம் ஆகாது, ஒரு முழு நாள் விடுப்பு. பசியில் எரிந்து விழுவதும் அதே கணக்கில்தான் சேரும்.

ஐந்தாவது: வந்த பிறகு பத்து நிமிடம்

சேற்றை ஈரத்தோடு தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். காய விட்டால் பெரும்பகுதி பிரஷ்ஷுக்கே உதிர்ந்துவிடும். செயினை மட்டும் உடனே துடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும் என்றால் வாளியும் துணியும் போதும். உயரழுத்த நீரைச் சக்கர மையத்திலும் பெடல் அச்சிலும் பாய்ச்சினால் பேரிங்குக்குள் நீர் புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். காலணியை வாசலிலேயே விடுங்கள். சேற்று உடையை நீங்களே அலசிப் போடுங்கள், இதற்கு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள

பிள்ளைகளோடு போகும் ஓட்டம் வேறு, உங்கள் ஓட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டால் இரண்டும் கெடும்.

ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. அதன் பிறகும், தலையை நன்றாக நிறுத்தி ஹெல்மெட் போட்டு உட்கார முடிகிறதா என்று பார்த்துத்தான். மழலை வயதில் பெடல் இல்லாத பேலன்ஸ் பைக் கொடுத்தால் சமநிலை தானாக வந்துவிடும், பக்கச் சக்கரம் தேவைப்படாது. பெடல் வண்டிக்கு வந்த பிள்ளைக்கு மேட்டில் உதவ, உங்கள் சீட்டிலிருந்து அவர்கள் வண்டிக்குக் கட்டும் மீள்கயிறு கிடைக்கிறது. தூரத்தை நிர்ணயிக்காமல் நேரத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். முணுமுணுப்பு தொடங்குமுன் நிறுத்திவிட்டால் அடுத்த முறை அவர்களே கேட்பார்கள். வழியில் கல் பொறுக்க நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

இரண்டு பேருமே ஓட்டுபவர்கள் என்றால் சின்ன வளையத் தடம் இங்கேயும் கை கொடுக்கும். ஒருவர் பிள்ளைகளோடு தொடக்க இடத்தில், இன்னொருவர் ஒரு சுற்று, அப்புறம் மாற்று. அருகில் பம்ப் டிராக் இருந்தால் இன்னும் நல்லது. பெடல் மிதிக்காமல், மேடு பள்ளத்துக்கு ஏற்ப உடலை அமுக்கி எழுப்பி வேகம் எடுக்கும் அந்தச் சின்ன வளையத்தில் பிள்ளைகள் கண்முன்னே இருப்பார்கள். பெரியவருக்கு அரை மணியில் கையும் காலும் கழன்றுவிடும், தடத்தில் வளைவெடுக்கத் தேவையான உடலசைவும் அங்கேயே பழகும்.

திட்டம் கவிழும் வாரங்களுக்கு

பிள்ளைக்குக் காய்ச்சல், திடீர் விருந்தாளி, அடைமழை. இப்படியான வாரங்கள் வரும். ஓட்டத்தை ஞாயிறு மாலைக்குத் தள்ளி இழுபறி செய்யாமல் ரத்து செய்துவிட்டு, எப்போது இருபது நிமிடம் கிடைக்கிறதோ அப்போது வாசலிலோ காலி வாகன நிறுத்துமிடத்திலோ பயிற்சி செய்யுங்கள். இரண்டு சுண்ணாம்புக் கோடுகளை ஒரு முழ இடைவெளியில் போட்டு, அதற்குள் நடையைவிட மெதுவாக, கால் ஊன்றாமல் ஓட்டிப் பாருங்கள். அது சுலபமானதும் எட்டு வடிவில் திரும்புங்கள், ஒவ்வொரு முறையும் எட்டைச் சின்னதாக்குங்கள். அப்புறம் ஒரு சிறு குச்சியைத் தரையில் வைத்து, எடையைக் கீழே அமுக்கிப் பின்னால் நகர்த்தி முன்சக்கரத்தை மட்டும் தூக்கித் தாண்டுங்கள். குச்சி பழகினால் தடிமனான கட்டை. பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து மதிப்பெண் போடட்டும்.